பெயர் சொல்லி நினைப்பது: வேலூர் முன்னாள் படைவீரர் கிளை ஒன்றின் ஓராண்டு

2024 ஜூலை 8 (வாசகர் கேள்வி)

அப்பா 22 வருஷம் பட்டாளத்தில் இருந்தார். போன வருஷம் இறந்துவிட்டார். அம்மாவை முன்னாள் படைவீரர் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை வருஷத்துக்கு நாலு நாள் மாலை போடுகிறீர்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள், மீதி நாளெல்லாம் கேன்டீன் கோட்டா (பட்டாளத்துக்காரர்களுக்குச் சலுகை விலையில் தரும் சாமான்) பேச்சு. இதற்கு மேல் ஒரு கிளை என்னதான் செய்கிறது? வேலூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 ஜூலை 8, இரவு

வேலூர்க் கிளை ஒன்றில் எழுத்து வேலை என்னுடையது. பட்டாளத்திலும் கிளார்க்காகத்தான் இருந்தேன், ஹவில்தாராக வெளியே வந்தேன். நேராகவே பதில் சொல்கிறேன்.

கேன்டீன் பேச்சு உண்டு. ஏன் இருக்கக் கூடாது? அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற 70 வயதுக்காரருக்கு, பழைய ஆட்களைப் பார்த்து நாலு வார்த்தை பேச அந்த வரிசை ஒன்றுதான் இருக்கிறது.

மாலை போடும் நாளுக்கு வருவோம். அன்றைக்கு யாருடைய பெயரைச் சொல்கிறோம், யாருடைய பெயரை விட்டுவிடுகிறோம் என்பதை வைத்துத்தான் ஒரு கிளையை நான் எடைபோடுவேன். 'வீர வணக்கம், வீர வணக்கம்' என்று பொதுவாக முழங்கிவிட்டு டீ குடிக்கப் போனால் அது நினைவஞ்சலி ஆகாது. எந்த ஊர், எந்த யூனிட், என்ன பெயர் என்று சொல்ல வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அம்மாவை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் அழைத்து வாருங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (ஓய்வூதிய உத்தரவு), அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் கையில் இருக்கட்டும்.

2024 ஜூலை 10

இன்று மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண். மாவட்ட நிர்வாகம் மலர் வளையம் வைத்தது, நாங்களும் வைத்தோம். வழக்கமாக எங்கள் கிளையில் இந்த நாளுக்கு நாலைந்து பேர்தான் வருவார்கள். இந்த வருஷம் கொஞ்சம் கூட்டம்.

தெரியாதவர்களுக்காக: 1806 ஜூலை 10, விடியுமுன். கோட்டைக்குள் மதராஸ் சிப்பாய்கள் சுமார் 1,500 பேர் இருந்தார்கள். முந்தின வருஷம் வந்த உத்தரவுப்படி வேலை நேரத்தில் நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடி கூடாது, மீசையைக் கத்தரிக்க வேண்டும், தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும், அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். இந்துவும் முஸ்லிமும் ஒன்றாகக் கொதித்தார்கள். அன்று காலைக்குள் 69வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 115 வெள்ளைச் சிப்பாய்களும் 14 அதிகாரிகளும் இறந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. அப்புறம் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தார். கொல்லப்பட்ட சிப்பாய்கள் 350 பேர் அளவில் என்கிறார்கள். அரண்மனையில் ஒளிந்திருந்த 100 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857க்கு 51 வருஷம் முன்னால் இது நடந்தது.

2024 ஜூலை 11

'பட்டாளத்துக்காரர்கள் கலகக்காரர்களுக்கு மாலை போடலாமா, ஒழுங்கு என்ன ஆவது' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதே கேள்வியை எங்கள் கிளையின் மூத்த சுபேதார் சாப் பல வருஷமாகக் கேட்கிறார். உத்தரவை மீறியவனைக் கும்பிட்டால் நாளைக்கு எந்தப் பையனுக்கு என்ன சொல்லித் தருவது என்பது அவர் கட்சி. அதனாலேயே ஜூலை 10 அன்று அவர் வர மாட்டார்.

நானும் கொஞ்ச காலம் அவர் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். என்னை மாற்றியது ஒரு விவரம். கில்லஸ்பியோடு வந்தவர்களில் மதராஸ் குதிரைப்படையும் இருந்தது. கோட்டைக்குள் செத்தவனும் நம் ஆள், கதவை உடைத்து உள்ளே வந்தவர்களிலும் நம் ஆள். அந்தத் தலைப்பாகை உத்தரவைப் பிறகு அரசே திரும்பப் பெற்றது. கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. உத்தரவு போட்டவர்களே தப்பு என்று ஆன பிறகு, செத்த சிப்பாயை மட்டும் ஒழுங்கில்லாதவன் என்று நாம் ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

2024 ஜூலை 14

இரண்டாவது ஞாயிறு. கேள்வி கேட்ட தம்பி அம்மாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கட்டைப் பை நிறையக் காகிதம். உட்கார்ந்து பார்த்ததில் சிக்கல் தெரிந்தது. அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. ஆதாரில் ஒன்று. டிஸ்சார்ஜ் புக்கில் 1980களில் வடக்கே எங்கேயோ ஓர் எழுத்தர் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதிவைத்தது மூன்றாவது. பிறந்த தேதியும் ஒட்டவில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. அவர் போனதும் பென்ஷன் நின்றது. குடும்ப ஓய்வூதியம் தொடங்கவில்லை.

இது இந்த வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. எங்களிடம் வரும் விதவை அம்மாக்களில் பாதிப் பேருக்கு மேல் பெயர்ச் சிக்கல்தான். மஜிஸ்திரேட் முன்னால் எடுத்த உறுதிமொழிப் பத்திரம், ஆதார், பான், வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு (சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் இராணுவ அலுவலகம்) அனுப்ப வேண்டும். அங்கே பதிவைத் திருத்தினால்தான் திருத்திய பிபிஓ வரும். எழுதத் தொடங்கிவிட்டோம்.

2024 ஜூலை 27

நேற்று கார்கில் நாள், 25வது ஆண்டு. கோட்டை மைதானம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். 527 பேர் இறந்த போர் அது. மேடையில் பேசுகிறவர்கள் டைகர் ஹில், டோலோலிங் என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு 'நம் ஊர்க்காரர் யார்?' என்பதுதான் வேண்டும்.

இந்தத் தடவை ஒரு மாற்றம் செய்தோம். முன்வரிசை நாற்காலிகள் விருந்தினருக்கு இல்லை, குடும்பத்துக்கு. தாய், மனைவி, பிள்ளை. அதற்குப் பின்னால்தான் மற்றவர்கள். முக்கியமான ஒருவர் முகம் சுளித்தார், பரவாயில்லை. பெயர் வாசிக்கும்போது ஒவ்வொரு குடும்பமும் எழுந்து நின்றது. ஒரு அம்மா உட்காரவே இல்லை, கடைசிப் பெயர்வரை நின்றுகொண்டே இருந்தார். 'உட்காருங்கம்மா' என்று சொன்னதற்கு, 'எல்லாப் புள்ளையும் முடியட்டும் சார்' என்றார்.

2024 ஆகஸ்ட் 19

இது அவசரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று ஒரு சாவு வீட்டில் சண்டை வரப் பார்த்தது.

ஓய்வு பெற்று வீட்டில் இயற்கையாக இறந்தவருக்குத் தேசியக் கொடி போர்த்தலாமா என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் ஆசையில் கடையில் கொடி வாங்கி வந்துவிடுகிறார்கள். போர்த்தக் கூடாது. அரசு மரியாதையோடு நடக்கும் அடக்கத்துக்கும், இராணுவ, துணை இராணுவப் படை அடக்கத்துக்கும்தான் அனுமதி. மற்றபடி போர்த்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அழுகிற வீட்டில் சட்டம் பேசுவது கொடுமையான வேலை. ஆனாலும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் கிளையில் என்ன செய்கிறோம் என்றால், கிளைக் கொடியை எடுத்துப் போகிறோம். மெடல்களைத் துடைத்துச் சின்னத் தலையணையில் வைக்கிறோம். எல்லோரும் தலையில் பெரே (இராணுவத் தொப்பி), மார்பில் மெடல். 'லாஸ்ட் போஸ்ட்' என்ற இராணுவ அஞ்சலி இசை ஸ்பீக்கரில் ஒலிக்கும், கடைசி சல்யூட். அவருடைய நம்பர், ரேங்க், பெயர், யூனிட் நான்கையும் ஒருவர் உரக்கச் சொல்வார். பறை அடிக்கிற அண்ணன்மார்களே அந்த நேரம் தாமாக நிறுத்திக்கொள்கிறார்கள்.

2024 ஆகஸ்ட் 20

மேலே எழுதியதற்கு ஒரு சேர்ப்பு. பணியில் இருக்கும்போது இறந்தவர் வேறு. அங்கே யூனிட்டே ஆள் அனுப்பும், கொடியும் அவர்கள் கொண்டுவருவார்கள், மடித்துக் குடும்பத்தின் கையில் கொடுப்பார்கள். அந்தக் கொடி அந்த வீட்டுச் சொத்து. பூஜை அறையில் வைத்திருக்கிற வீடுகள் கம்மவான்பேட்டையில் உண்டு. அந்த ஊரையே இராணுவப்பேட்டை என்றுதான் இந்தப் பக்கம் சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர்.

2024 செப்டம்பர் 9

நேற்றுக் கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார்: லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறதே, யாராவது படித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் இல்லை என்றார்கள். தினமும் அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போகிறவர்கள்தான்.

1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அந்தக் கல் சொல்கிறது. அவ்வளவுதான், பெயர் கிடையாது. இதே வாசகத்தோடு, எண்ணிக்கையை மட்டும் மாற்றி, நாட்டில் எத்தனையோ ஊர்களில் கல் நட்டிருக்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்கள் 13 லட்சம் பேருக்கு மேல். இறந்தவர்கள் 74,000 பேர் அளவில். பிரான்சில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்கு நவ் ஷாப்பெல் நினைவிடத்தில் பெயர் இருக்கிறது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்தவர்கள் கதை வேறு. பஸ்ரா நினைவுச் சுவரில் வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும். இந்த ரெஜிமென்ட்டில் இத்தனை பேர் என்று ஒரு வரி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒரு விசாரணை அறிக்கை போட்டு, இது பாகுபாடு என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இதை நான் கூட்டத்தில் சொன்னபோது சுபேதார் சாப் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்போ நம்ம ரிஜிஸ்டர்ல நாமளாவது எழுதுவோம்' என்றார். பெயர்ப் பதிவேடு தொடங்கியது அப்படித்தான். நீளமான கணக்கு நோட்டு ஒன்று. வேலூர், பழைய வட ஆற்காடு முழுவதும். எந்தப் போர், எந்தக் காரணம் என்ற பேதம் இல்லை. முதல் வரி: '14 பேர், லாங்கு பஜார் கல்'.

2024 செப்டம்பர் 15

'வட ஆற்காடு முழுவதும் என்றால் எவ்வளவு?' என்று ஆரணிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அலுவலகம் பிரியலாம். ஆரணியிலிருந்து ரயிலேறிய பையனும் வேலூரிலிருந்து ஏறிய பையனும் ஒரே பெட்டியில்தான் பெங்களூர் போனார்கள், மதராஸ் சாப்பர்ஸ் (இராணுவப் பொறியாளர் படைப்பிரிவு) சென்டருக்கு. அங்கே எல்லோருக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். சேர்த்துதான் எழுதுவோம்.

2024 நவம்பர் 4

நவம்பர் என்றால் எங்களுக்கு ஆயுள் சான்றிதழ், அதாவது பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் தருகிற சான்று. கிளையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், ஒரு நல்ல போன், கல்லூரியில் படிக்கிற உறுப்பினர் மகள் ஒருத்தி. 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே கொடுக்கலாம். அவர்களை முன்னாடியே முடித்துவிட்டோம். நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கும், மெஷின் எடுக்காது. முகம் காட்டுகிற முறை வந்தபிறகு பெரிய நிம்மதி. கண் சிமிட்டச் சொன்னால் ஒரு தாத்தா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்டார். அறையே சிரித்தது, அவரும்தான்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்கு நாங்களே போகிறோம். ஸ்பார்ஷ் (பட்டாளப் பென்ஷனுக்கான இணையதளம்) வந்தபிறகு எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், சரி. ஆனால் பாஸ்வேர்டு மறந்துபோன விதவைக்கு யார் உதவுவது? அருகில் இருக்கும் கிளைதான்.

2024 நவம்பர் 12

நேற்று 11ஆம் தேதி, 1918இல் அந்தப் பெரும் போர் நின்ற நாள். மணிக்கூண்டுக்குக் கீழே காலை 11 மணிக்கு நின்றோம். லாங்கு பஜாரில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: தள்ளுவண்டி, ஆட்டோ, பூக்காரம்மா, மூட்டை தூக்குகிறவர்கள். இரண்டு நிமிட மௌனம் முடியாத காரியம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் நின்றதும் பக்கத்துக் கடைக்காரர்கள் விஷயம் கேட்டுவிட்டு அவர்களும் நின்றார்கள். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. போனவர்களும் இந்தக் கடைத்தெருவில் நடந்தவர்கள்தான்.

கல்லை உரக்கப் படித்து, அதன் பொருளைத் தமிழில் சொன்னோம். அதற்கே ஒரு கல்லூரிப் பெண் வந்து, தன் பாட்டியின் அப்பா 'பஸ்ராவுக்குப் போய் வந்தவர்' என்று வீட்டில் சொல்வார்கள், பெயர் தருகிறேன் என்றாள். திரும்பி வந்தவர்களுக்கும் பதிவேட்டில் இடம் உண்டா? உண்டு என்று அங்கேயே முடிவு செய்தோம். 277இல் அவர் ஒருவர்.

2024 நவம்பர் 26

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

நேற்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இறந்த நாள். 1987 நவம்பர் 25, இலங்கையில், 8 மகார் (மகார் ரெஜிமென்ட்டின் 8வது பட்டாலியன்). பரம்வீர் சக்ரா வாங்கிய தமிழர். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படைக்கென்று எங்கள் கிளையில் இதுவரை நினைவு நாள் எதுவும் வைத்ததில்லை. நேற்று வைத்தோம். 1987 ஜூலையில் போனோம், 1990 மார்ச் 24 அன்று கடைசி ஆட்கள் கிளம்பினார்கள். சுமார் 1,200 பேர் திரும்பவில்லை.

நான் அங்கே இருந்தேன். வவுனியா பக்கம் ஒரு செக்போஸ்ட்டில் மொழிபெயர்ப்புக்கு என்னை நிறுத்தினார்கள், தமிழ் தெரியும் என்பதால். ஓர் ஆச்சி, கூடையில் கத்தரிக்காய், என்னைப் பார்த்து 'நீ எவ்விடம், மோனே?' என்றார். வேலூர் என்றேன். 'தமிழ்ப் பிள்ளையோ?' என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, கூடையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். அவருடைய ஊரில் நான் துப்பாக்கியோடு நின்றேன். அந்த மக்கள் பட்டது என்ன என்பது எனக்குத் தெரியும். கூட இருந்த பையன்கள் பட்டதும் தெரியும். ஊர் திரும்பியபோது எங்களை வாழ்த்தவும் ஆள் இல்லை, திட்டுகிறவர்கள் இருந்தார்கள். திட்டினவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுடைய வலியும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால்தான்.

ஆனால் செத்தவன் வீட்டு அம்மா என்ன செய்வாள்? கார்கில் அம்மாவுக்கு முன்வரிசை நாற்காலி. யாழ்ப்பாணத்தில் மகனை விட்ட அம்மாவுக்கு அந்த நாற்காலி கிடையாதா? அந்தப் போர் சரியா தப்பா என்று நேற்றுக் கூட்டத்தில் யாரும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். பெயர் மட்டும் வாசித்தோம். வாசித்தது ஓர் உறுப்பினர், பட்டியலில் அவருடைய அண்ணனும் உண்டு. அண்ணன் பெயருக்கு வந்தபோது நின்றுவிட்டார். சுபேதார் சாப் எழுந்து வந்து தாளை வாங்கி அந்தப் பெயரைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

2024 நவம்பர் 28

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். திட்டியும் எழுதியிருக்கிறீர்கள். அரசியல் விவாதத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ஒன்று மட்டும்: அந்த வருஷங்களில் இறந்த அங்குள்ள மக்களுக்காகவும் அன்றைக்கு ஒரு நிமிடம் நின்றோம். சொல்ல விட்டுப்போனதால் சேர்க்கிறேன்.

2024 டிசம்பர் 8

கொடி நாள் நேற்று. 1949 முதல் டிசம்பர் 7. (1971 போருக்குப் பிறகு வந்தது என்று ஒருவர் மேலே சொல்லியிருக்கிறார், இல்லை. 16ஆம் தேதி வெற்றி நாள்தான் 1971.) சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று கொடியில் மூன்று நிறம், மூன்று படைக்கு.

ஃபெஞ்சல் புயல் வந்துபோன ஒரு வாரம். திருவண்ணாமலையில் 1ஆம் தேதி மண்சரிந்து ஒரே இடத்தில் 7 பேர் போனார்கள். இந்த நேரத்தில் உண்டியல் தூக்குவதா என்று எங்களுக்குள் தயக்கம். கொடி நாள் வசூலைச் செய்தோம், அது அரசு நிதிக்குப் போகும், அதில் கை வைக்க முடியாது. தனியாக எங்கள் பையிலிருந்து போட்டு அரிசி, போர்வை, பாய் வாங்கித் திருவண்ணாமலைக்கு ஒரு வண்டி அனுப்பினோம். போனவர்களில் மூன்று பேர் சாப்பர்ஸ். மண் அள்ளுகிற இடத்தில் அவர்களுக்கு யாரும் வேலை சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

2025 ஜனவரி 16

14ஆம் தேதி முன்னாள் படைவீரர் நாள். ஜெனரல் கரியப்பா 1953இல் அன்றுதான் ஓய்வு பெற்றார். 15ஆம் தேதி இராணுவ நாள். அவரே 1949இல் முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற நாள். டெல்லிக்கு இது வசதியான தேதி. வேலூரில் பொங்கலும் மாட்டுப் பொங்கலும்! கரும்பும் மஞ்சளும் வாங்குகிற நாளில் கூட்டம் போட்டால் யார் வருவார்? நாங்கள் அதையே திருப்பிக்கொண்டோம். 14 காலை கிளை வாசலில் ஒரே பானை, எல்லா வீட்டு அரிசியும் ஒரு பிடி. விதவை அம்மாக்கள் பொங்கல் வைத்தார்கள். 'விதவை வைக்கலாமா' என்று முணுமுணுத்த ஒருவருக்கு சுபேதார் சாப் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் ஆம்பூர் பிரியாணி. கத்தரிக்காய்த் தொக்கு முதலில் தீர்ந்தது, பிரியாணி மிஞ்சியது. அடுத்த வருஷம் தொக்கு இரண்டு அண்டா. 15 அன்று பாதிப் பேர் எருது விடும் விழாவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவரின் காளைக்கும் பரிசு உண்டு.

2025 மார்ச் 10

பட்டாளத்தில் சேர நினைக்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் தருகிற விடியற்காலை ஓட்டப் பயிற்சி பற்றிக் கேட்கிறீர்கள். காசு கிடையாது. முழு மதிப்பெண் வாங்க 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும், 10 புல்லப் எடுக்க வேண்டும்; 9 அடிப் பள்ளமும் தாண்ட வேண்டும். சொல்லித் தருவது மூன்று மூத்தவர்கள். மார்ச் தாண்டினால் வேலூர் வெயிலில் 7 மணிக்கே மண் சுடும், அதனால் இருட்டிலேயே தொடங்கிவிடுவோம்.

அக்னிவீர் திட்டத்தில் 4 வருஷம், நூற்றுக்கு 25 பேர்தான் நிரந்தரம், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. 'அப்படியிருக்க ஏன் பிள்ளைகளை ஓட வைக்கிறீர்கள்?' என்று ஓர் அப்பா என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஓடுகிற பையன் போகத்தான் போகிறான். போகிறவன் கணுக்கால் முறியாமல் போகட்டும், தாளில் தன் பெயரை அப்பா பெயரோடு சரியாக எழுதிவிட்டுப் போகட்டும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று மூன்றிலும் ஒரே எழுத்து இருக்கிறதா என்று பயிற்சியின் முதல் நாளே பார்த்துவிடுகிறோம்.

2025 மே 11

ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதல். மே 7 அதிகாலை ஆபரேஷன் சிந்தூர். நேற்று மாலை சண்டை நிறுத்தம். இந்த நாலு நாளும் கிளையைப் பூட்டவே இல்லை. எல்லையில் பிள்ளைகளை வைத்திருக்கிற அம்மாக்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் தனியாக டிவி பார்த்தால் பைத்தியம் பிடிக்கும் என்றார்கள். அக்னி நட்சத்திர வெயில், ஒரே ஃபேன். டிவியை நிறுத்திவைத்தோம். பையன் போன் எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம், யூனிட் போன் வாங்கி வைத்துக்கொள்ளும், அது வழக்கம்தான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். கார்கில் விழாவில் உட்காராமல் நின்ற அந்த அம்மாவும் வந்து, பயந்துபோயிருந்த ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

வாட்ஸாப்பில் வருகிற எந்த வீடியோவையும் கிளைக் குழுவில் போடக் கூடாது, எந்த யூனிட் எங்கே நகர்ந்தது என்று எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். கேட்டார்கள்.

2025 ஜூன் 20

தம்பியின் அம்மாவுக்குத் திருத்திய பிபிஓ வந்துவிட்டது. இரண்டு தடவை திரும்பி வந்து, ஒரு தடவை காகிதமே காணாமல் போய், கடைசியில் வந்தது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதன்மேல் அகவிலை நிவாரணம். நின்றுபோன மாதங்களின் பாக்கியும் வரும். காகிதத்தில் அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். சரியாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயரும் ஆதாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றைக்கே பாருங்கள். அவர் கையெழுத்தோடு அனுப்பினால் வேலை பாதி. அவர் போனபிறகு அனுப்பினால் அந்த அம்மா நடந்தே தேய்ந்துபோவார்.

2025 ஜூலை 13

ஆண்டுக் கூட்டம் இன்று. மூன்று நாள் முன்பு மக்கானுக்கு சுபேதார் சாப் வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோட்டைக்கு வெளியே பழைய ஐரோப்பியர் கல்லறைக்கும் அவரே போய் அந்த 69வது ரெஜிமென்ட் ஆட்களுக்கும் ஒரு சல்யூட் அடித்துவிட்டு வந்தார். அது அவர் முடிவு.

கூட்டத்தில் நீண்ட நேரம் போனது ஒரே விஷயத்துக்கு. அக்னிவீர் முதல் தொகுதிப் பிள்ளைகள் அடுத்த வருஷக் கடைசியிலிருந்து வெளியே வரத் தொடங்குவார்கள். சட்டப்படி அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, கேன்டீன் அட்டை இல்லை. அப்போது கிளையில் அவர்களுக்கு இடம் உண்டா? சிலர் இல்லை என்றார்கள். 15 வருஷம் போட்டவனும் 4 வருஷம் போட்டவனும் ஒன்றா என்றார்கள். நான் உண்டு என்றேன். உப்புத் தின்று, சீருடை போட்டு, எல்லையில் நின்றவன்; அவனுடைய பெயரையும் எங்கேயாவது எழுத வேண்டாமா? கை தூக்கச் சொன்னோம். உண்டு என்பதற்கே கூடுதல் கைகள். விதியில் ஒரு வரி சேர்த்துவிட்டோம்: 4 ஆண்டு முடித்தவர்களும் முழு உறுப்பினர், வேலை கிடைக்கும்வரை சந்தா பாதி. ஓட்டப் பயிற்சிக்கு வந்து போன வருஷம் தேர்வான பையன்களின் வீட்டு முகவரிகளைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.